சுங்கை சிப்புட்: ரயில் நிற்கும் ஊர், ரயில் கடந்துபோகும் தோட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய கூட்டரசுச் சாலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது சுங்கை சிப்புட். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது பெரும்பகுதி செம்பனை. பாடாங் பெசாரிலிருந்து ஜோகூர் பாரு வரை நீளும் மேற்குக் கரைத் தலைப்பாதை இந்த ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. தோட்டத்திலிருந்து ஊருக்கு வரும் செம்மண் பாதைகள் பலவும் எங்கேயாவது ஓரிடத்தில் கம்பிச்சடக்கை, அதாவது ரயில் தண்டவாளத்தை, தாண்டித்தான் ஆகவேண்டும்.

2015 முதல் இந்தப் பகுதியில் ஊர்விட்டு ஊர் போகும் ஈடிஎஸ் என்ற மின்சார வண்டி ஓடுகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம், குளிர்சாதனப் பெட்டி, சரியான நேரம். இத்தனை இருந்தும் காலை ஏழரைக்கு ஈப்போவில் நிற்கவேண்டிய தோட்டத்துப் பிள்ளை மோட்டார் சைக்கிளைத்தான் எடுக்கிறது. வண்டி வேகமானதால் தோட்டம் ரயிலை விட்டு விலகவில்லை. நிறுத்தமும் தண்டவாளத்தைத் தாண்டும் கடவையும் குறைந்ததால்தான் விலகியது. அதே மின்சார வண்டிக்குத்தான் அந்த நிறுத்தங்களைத் திருப்பித் தரும் திறனும் இருக்கிறது. இந்த ஆய்வு சொல்ல வருவது இதைத்தான். அதற்குப் பாதை வந்த கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

ஈயத்துக்குப் போட்ட பாதை

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு ஓடியது. நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர், அகலம் ஒரு மீட்டர். இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படையின் தொழிலாளர்கள் அந்தப் பாதையைப் போட்டார்கள். 1886இல் கோலாலம்பூர் – கிள்ளான் ஆற்றங்கரைப் பாதை, 1891இல் சிரம்பான் – போர்ட்டிக்சன், 1893 முதல் 1895 வரை தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோடு வழியாக ஈப்போ. இந்த நான்குமே ஈயச் சுரங்கத்திலிருந்து நேரே கடலுக்கு இறங்கிய குட்டைப் பாதைகள். ஆட்களை ஊருக்கு ஊர் கொண்டுபோவது அப்போது யாருடைய கணக்கிலும் இல்லை.

இவற்றைத் தெற்கு வடக்காகக் கோத்த பிறகுதான் நாடு தழுவிய ரயில் என்று ஒன்று பிறந்தது. பேராக் ஆற்றின் மேல் விக்டோரியா பாலம் 1900இல் திறந்தது. 1901இல் பேராக், சிலாங்கூர் ரயில்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1903இல் பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து சிரம்பான் வரை இடைவெளியில்லாத பாதை கிடைத்தது. 1909இல் ஜோகூர் பாரு, 1918இல் சயாம் எல்லை, 1923இல் ஜோகூர் பாலம் வழியாகச் சிங்கப்பூர், 1931இல் கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை கிழக்குக் கரைப் பாதை. விக்டோரியா பாலம் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில், காராய் அருகே, இன்றும் நிற்கிறது. 2002இல் அதன்மேல் ரயில் போக்குவரத்து நின்றுபோனது. பக்கத்திலேயே புதிய பாலம் வந்துவிட்டது.

ரப்பர் இந்தக் கதைக்குள் வந்ததும் இதே வட்டாரத்தில்தான். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தருகே காப்பாற்றப்பட்டு வருகிறது. மோட்டார் வண்டிச் சக்கரத்துக்கு உலகம் ரப்பர் கேட்ட நேரத்தில், ஈயத்துக்காகப் போட்ட தண்டவாளம் தயாராகக் கிடந்தது. கம்பெனிகள் தோட்டம் திறக்க இடம் பார்த்தபோது முதலில் பார்த்தது மண்ணை, அடுத்தது ஸ்டேசன் எவ்வளவு தூரம் என்பதை. மாட்டுவண்டி ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் ஸ்டேசன் இருந்தால் புகைபோட்ட ரப்பர் தாளைப் பிறைக்கு அனுப்பலாம். அரிசி, உப்பு, பலகை, தகரம் எல்லாம் அதே வண்டியில் திரும்பி வரும். இந்தப் பட்டணம் பாதையை ஒட்டி வளர்ந்த காரணம் அதுதான்.

ஆட்களும் இதே வழியாகத்தான் வந்தார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் தங்கி, படகில் பிறைக்குக் கடந்து, அங்கே ரயில் ஏறி, கங்காணி இறங்கச் சொன்ன ஸ்டேசனில் இறங்கினார்கள். 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி இந்தப் பயணச் செலவைத் தோட்ட முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கட்டியது. 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தை நிறுத்தும்வரை இந்த ஓட்டம் நடந்தது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பல தங்கள் முப்பாட்டன் வந்த கப்பலின் பெயரை மறந்திருக்கும். இறங்கிய ஸ்டேசனின் பெயரை மறந்த குடும்பம் குறைவு.

ரயில்வேக்குள்ளும் தமிழர் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தார் எழுத்து வேலை பார்க்கும் கிராணிமாராகவும் ஸ்டேசன் மாஸ்டர்களாகவும், தமிழ்நாட்டார் பாதையைப் பராமரிக்கும் கேங்கிலும் பட்டறையிலும் வேலை பார்த்தார்கள். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் இரண்டும் தமிழர் வாழும் பகுதிகளானதில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரக்கு வேகனில் போனவர்கள்

இந்தப் பாதையில் ஒரு பகுதியை வேகமாகக் கடந்துபோக முடியாது. 1942–43இல் ஜப்பானியர் சயாம் – பர்மா ரயில்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரைக் கொண்டுபோனார்கள். சம்பளம், அரிசி, மூன்று மாத வேலை என்று சொல்லிச் சிலரை. லாரியை லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் நிறுத்திப் பிடித்துப் பலரை. மூடிய இரும்புச் சரக்கு வேகன்களில் நெருக்கி ஏற்றி, வடக்கே எல்லை தாண்டிப் பான் போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவிட்டார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. காலரா, மலேரியா, புண், பட்டினி ஆகியவற்றில் இறந்தவர்களுக்குப் போர்க் கைதிகளுக்கு இருப்பதுபோல் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. அந்தப் பாதைக்கான தண்டவாளத்தின் ஒரு பகுதியும் மலாயாவிலிருந்தே போயிற்று. கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட தூரத்தையும் தம்பின் – மலாக்கா கிளையையும் பிடுங்கினார்கள். மலாக்கா கிளை பிறகு திரும்ப வரவே இல்லை.

போர் முடிந்து மூன்றே வருடத்தில் அடுத்த அடி இதே ஊரில் விழுந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அடுத்த இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். காட்டோரம் ஓடும் ஒற்றைப் பாதையைச் சேதப்படுத்த வெடிமருந்து தேவையில்லை. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் பிஷ் பிளேட்டின் நான்கு போல்ட்டைக் கழற்றி, தண்டவாள முனையைக் கடப்பாரையால் ஒரு கை அகலம் நகர்த்தினால் போதும். அதனால்தான் வண்டிக்கு முன்னால் கவசமிட்ட டிராலி ஒன்றைப் பாதை பார்க்க அனுப்பினார்கள்.

ஒற்றைப் பாதையில் வண்டி ஏன் தாமதமாகும்

இரட்டைப் பாதை வரும்வரை ஈப்போவுக்கு வடக்கே ஒரே தண்டவாளம்தான். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளும் ஏதாவது ஒரு ஸ்டேசனில் ஒதுங்கித்தான் கடக்கவேண்டும். மோதாமல் காப்பாற்றியது டோக்கன் முறை. டோக்கன் என்பது அந்தப் பகுதிக்குள் போக அனுமதியாக ஓட்டுநரிடம் கொடுக்கும் அடையாளப் பொருள்.

இரண்டு ஸ்டேசன்களிலும் ஆளுக்கொரு டோக்கன் பெட்டி. இரண்டும் கம்பியால் இணைந்தவை. சுங்கை சிப்புட் மாஸ்டர் வண்டியை அனுப்புமுன் மணியடித்து அடுத்த ஸ்டேசனைக் கேட்கிறார். பாதை காலி என்றால் அங்கிருப்பவர் மணியில் பதில் சொல்லித் தன் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். அந்த மின்சாரம் வந்தால்தான் இங்கே ஒரு டோக்கன் வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். டோக்கனைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓட்டுநர் கையில் எட்டும்படி நீட்டுவார்கள். வண்டி அடுத்த ஸ்டேசனுக்குப் போய், ரயிலின் கடைசிப் பெட்டியின் விளக்கோ பலகையோ கண்ணில் பட்டு, டோக்கன் அங்கே டோக்கன் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் அடுத்தது வெளியே வரும். கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் டோக்கனைப் போட்டுவிட்டால், நடுவழியில் கழன்று நின்ற பெட்டிமேல் அடுத்த வண்டி போய் மோதும். அந்த ஒரு பார்வைதான் முறையின் உயிர்.

பழுதும் உண்டு. ஓட்டுநர் டோக்கனைக் கொடுக்காமல் அடுத்த பகுதிக்குக் கொண்டுபோய்விட்டால், அது திரும்பி வரும்வரை பின்னால் பாதை பூட்டியே கிடக்கும். ஒரே திசையில் வண்டிகள் அதிகமாக ஓடினால் டோக்கனெல்லாம் ஒரு முனையில் குவிந்து, மறுமுனைப் பெட்டி காலியாகிவிடும். பொறுப்பான ஊழியர் வந்து எண்ணி, ஏட்டில் எழுதித்தான் மாற்றி வைக்கவேண்டும்.

இனிக் கொள்ளளவு. இரண்டு ஸ்டேசனுக்கு நடுவே 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 60 என்றால் 12 நிமிடம். டோக்கன், தடம் மாற்றும் பாயிண்ட், சிக்னல் என்று இன்னும் 4 நிமிடம். ஆக 16 நிமிடத்துக்கு ஒரு வண்டி. இரு திசைக்கும் சேர்த்து மணிக்கு மூன்றுதான். தெற்கே போகும் வண்டி 20 நிமிடம் பிந்தினால், அதற்காக ஒதுங்கி நிற்கும் வடக்கு வண்டியும் பிந்தும். அது அடுத்துக் கடக்கவேண்டிய சரக்கு வண்டியும் பிந்தும். காலையில் ஒரு வண்டி தாமதித்தால் அந்த நாளின் அட்டவணையே குலையும். “ரயில் எப்போதும் லேட்டு” என்று தோட்டத்தில் சொன்ன குறைக்கு ஊழியரின் சோம்பல் காரணமல்ல, இந்தக் கணக்குதான்.

கேங் செய்த வேலை

தோட்டத்து லயங்களைப் போலவே கம்பிச்சடக்கு ஓரத்திலும் கேங் குடியிருப்புகள் இருந்தன. ஒவ்வொரு கேங்குக்கும் சில கிலோமீட்டர். விடிந்ததும் ஓர் ஆள் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் தூரம் முழுவதையும் நடந்து பார்ப்பார். தளர்ந்த போல்ட்டை இறுக்குவார், நழுவிய ஆணியை அடித்து உட்காரவைப்பார், தண்டவாளத் தலையில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் குறித்துவருவார்.

கேங்கின் பெரிய வேலை ஜல்லி அடைப்பது. 60 சென்டிமீட்டருக்கு ஒரு சிலிப்பர் கட்டை வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,660 கட்டைகள். வண்டி போகப்போகக் கட்டைக்கு அடியில் ஜல்லி அமுங்கிக் குழி விழும். ஜாக்கியால் தண்டவாளத்தைத் தூக்கி, ஒரு முனை தட்டையான பிக்காசால் கட்டைக்கு அடியில் ஜல்லியைத் திணிப்பார்கள். எங்கே திணிப்பது என்பதில்தான் கைத்திறன். தண்டவாளத்துக்கு இருபுறமும் 30 முதல் 40 சென்டிமீட்டர்வரை இறுக்கமாக அடைத்து, கட்டையின் நடுவைத் தளர்வாக விடவேண்டும். நடுவும் கெட்டியாகிவிட்டால் கட்டை நடுவில் மட்டும் தாங்கி, இரு முனையும் தொங்கி, பெட்டி இப்படியும் அப்படியும் ஆடும். கான்கிரீட் கட்டையாக இருந்தால் நடுவில் மேல்பக்கம் வெடிக்கும். இன்று இதை யந்திரம் செய்கிறது. ஆனால் பாயிண்ட் இருக்கும் இடத்திலும் பாலத்தின் முனையிலும் கைவேலை முழுவதும் போய்விடவில்லை.

இந்த மண்ணில் பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். களிமண் ஊறினால் ஒவ்வொரு சக்கரமும் அழுத்தும்போது சேறு ஜல்லிக்குள் மேலே ஏறும். ஜல்லி சேறாகிவிட்டால் எத்தனை முறை அடைத்தாலும் நிற்காது, தோண்டி எடுத்துப் புதுசு போடவேண்டும். இதில் தோட்டத்துக்கும் நேரடிப் பங்கு உண்டு. செம்பனை மட்டையை வெட்டி வரிசையாக அடுக்காமல் வடிகாலில் தள்ளினால், அடுத்த கனமழையில் அது மிதந்துபோய்க் கம்பிச்சடக்கு அடியிலுள்ள கல்வர்ட்டின் (நீர் போகும் சிறு பாலம்) வாயில் அடைத்துக்கொள்ளும். மேற்பக்கத்தில் நீர் தேங்கி, மண்மேட்டுக்குள் ஊறி, கீழ்ப்பக்கச் சரிவைக் கரைத்து இழுத்துவிடும். மேலே தண்டவாளம் அந்தரத்தில் தொங்கினாலும் பார்வைக்கு நேராகவே இருக்கும். வண்டியின் எடை ஏறும்போதுதான் கீழே ஒன்றுமில்லை என்று தெரியும். கல்வர்ட்டுக்கு மேற்பக்கம் 20 மீட்டர் வடிகாலை மழைக்காலத்துக்கு முன்பும் நடுவிலும் சுத்தமாக வைத்திருப்பது தோட்ட நிர்வாகம் செய்யக்கூடிய, அதிகச் செலவில்லாத காரியம்.

இரண்டாவது எதிரி வெயில். பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தடக் தடக் என்ற சத்தம் அங்கிருந்துதான் வரும். புதிய பாதையில் எல்லாம் பற்றவைத்து ஒன்றாகிவிட்டதால் விரிய இடமில்லை. மீட்டருக்கு 54 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் ஒவ்வொரு டிகிரி சூடு கூடும்போதும் ஏறத்தாழ 1.7 டன் அழுத்தம் ஏறும். பொருத்திய வெப்பத்தைவிட 25 டிகிரி கூடினால் ஒரு தண்டவாளத்தில் மட்டும் 40 டன்னுக்கு மேல். அதைப் பக்கவாட்டில் வளையவிடாமல் பிடித்து நிறுத்துவது கட்டை முனைக்கு வெளியே குவித்திருக்கும் ஜல்லிதான். மீன்பிடிக்கப் போகிறவர்களும் குறுக்குவழி நடப்பவர்களும் அந்தக் குவியலில் ஏறி இறங்கிச் சரித்துவிடுவது சின்னக் காரியமல்ல.

சரக்கு எங்கே போனது

ரப்பர் ரயிலை விட்டுப் போனது ஒரே நாளில் நடக்கவில்லை. 1965க்குப் பிறகு தரம் பிரித்த கட்டி ரப்பர் வந்தது, 33.3 கிலோ கட்டி, டன்னுக்கு 30. தொழிற்சாலை வாசலிலேயே லாரியில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கிவிடலாம். ரயிலென்றால் ஏற்றி, ஸ்டேசனில் இறக்கி, வேகனில் ஏற்றி, மறுபடி இறக்கவேண்டும். பிறகு செம்பனை வந்து கதையை முடித்தது. பழக்குலையை அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் விழும். குலை அடிபட்டால் இன்னும் சீக்கிரம். ஆலையும் தோட்டங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அந்தப் பழத்தை ஸ்டேசனுக்குக் கொண்டுபோக ஒரு காரணமும் இல்லை.

1987இல் ஈப்போவுக்கும் சங்காட் ஜெரிங்குக்கும் இடையே மெனோரா சுரங்கத்தோடு நெடுஞ்சாலை திறந்தது. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையானது. நீண்டதூரப் பேருந்துகள் அதில் ஏறிக்கொண்டன. சுங்கை சிப்புட் பழைய சாலையில் நின்றுவிட்டது. ஊருக்கு ரயில் அதிகமாகத் தேவைப்பட்ட அந்த வருடங்களில்தான் ரயில் தளர்ந்திருந்தது.

இரட்டைப் பாதை வந்தபோது

1992இல் ரயில்வே கழகமயமானது. 1995இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் மின்சார ரயில் ஓடியது. 2010 ஆகஸ்டில் ஈப்போ – சிரம்பான் ஈடிஎஸ் தொடங்கியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டை மின்பாதை முடிந்து, 2015 ஜூலையில் ஈடிஎஸ் எல்லை வரை போனது. பாடாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே மலை வளைவுகளில் ஊர்ந்த பழைய பாதைக்குப் பதில் பெராப்பிட் இரட்டைச் சுரங்கம் வந்தது, நீளம் ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர். மேலே கம்பியில் 25,000 வோல்ட். ஒரு வண்டிக்காக இன்னொன்று காத்திருக்கும் துன்பம் பெரும்பாலும் ஒழிந்தது. நாட்டுக்கு இது மிகப் பெரிய நன்மை. அதில் சந்தேகமே இல்லை.

தோட்டத்துக்குக் கிடைத்தது வேறு. ரயில்வே கேட்டுகள் மூடப்பட்டு, அவற்றுக்குப் பதில் மேம்பாலமும் கீழ்ப்பாதையும் வந்தன, இருபுறமும் வேலி. சிறு நிறுத்தங்கள் போயின. கண்ணுக்கெதிரே தெரியும் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ சுற்றிப் போகவேண்டிய நிலை சில இடங்களில் வந்தது. பிறகு வேலியில் எங்கேயாவது ஒரு ஆள் நுழையும் ஓட்டை விழுகிறது. தோட்டத்துப் பெரியவர்கள் காலங்காலமாகக் கம்பிச்சடக்கு ஓரமாகவே நடந்து ஊருக்குப் போனவர்கள். அந்தக் கால வண்டி தூரத்திலேயே சத்தம் போட்டுக்கொண்டு வரும். இப்போது நிலைமை வேறு.

140 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 39 மீட்டர் போகிறது. வளைவுக்கு அப்பால் 400 மீட்டரில் கண்ணில் பட்டால், கையில் இருப்பது 10 நொடி. இரண்டு தண்டவாளச் சோடியையும் இருபுறப் பாதுகாப்புத் தூரத்தையும் சேர்த்தால் கடக்கவேண்டியது 9 மீட்டர். வெறுங்கையோடு நடப்பவருக்கு 7 அல்லது 8 நொடி. சைக்கிளை ஜல்லிமேல் தூக்கித் தள்ளுகிறவருக்கு, புத்தகப்பை சுமந்த பிள்ளைக்கு, முழங்கால் வலிக்கும் பாட்டிக்கு 13 நொடி ஆகும். கணக்கு அங்கேயே தோற்றுவிடுகிறது. அவசர பிரேக் போட்டாலும் வண்டி நிற்க முக்கால் கிலோமீட்டர் வேண்டும். இன்னொரு ஆபத்து: ஒரு வண்டி போனவுடன் கால் வைப்பது. அதன் சத்தமே எதிர்த்திசை வண்டியை மறைத்துவிடும். ஓட்டையை அடைத்தால் மட்டும் தீராது. அந்த ஓட்டை விழுந்த இடம்தான் நடைமேம்பாலம் வேண்டும் இடம் என்று எடுத்துக்கொண்டு, அங்கே பாலம் கேட்டு எழுதவேண்டும்.

பழம் அறுப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. உயரமான மரத்துக்கு அரிவாள் பூட்டிய அலுமினியக் கம்பு பல மீட்டர் நீளம். அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். 25,000 வோல்ட் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. நெருங்கினாலே பொறி தாவும். மேல்கம்பிக்கு 3 மீட்டருக்குள் கம்போ, ஏணியோ, மட்டையோ போகக்கூடாது. வேலியோர வரிசையில் கம்பை நிமிர்த்தாமல் கிடைமட்டமாகத் தூக்கிப் போகவேண்டும். கம்பி பக்கம் சாய்ந்த மரத்தை அறுக்கவே கூடாது, ரயில்வேக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தவைத்து வெட்டவேண்டும். வேலைக்குப் புதிதாக வரும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இதை அவருடைய மொழியில் சொல்லாத மண்டோர் (மேற்பார்வையாளர்) தன் பொறுப்பில் தவறுகிறார்.

ஒரு நிறுத்தத்தின் விலை

சின்ன ஊரில் நிறுத்தினால் நேரம் போகும் என்பார்கள். எவ்வளவு போகும்?

மின்சார வண்டி ஒவ்வொரு நொடியிலும் தன் வேகத்தை நொடிக்கு 0.7 மீட்டர் வீதம் குறைத்து, ஒரு நிமிடம் நின்று, 0.5 மீட்டர் வீதம் வேகமெடுத்து மறுபடி 140ஐத் தொட்டால், நிற்காமல் போயிருந்தால் ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாகச் செலவாவது: குறைப்பதில் 28 நொடி, ஏற்றுவதில் 39 நொடி, நின்றது 60 நொடி. மொத்தம் 2 நிமிடம் 10 நொடிக்குள். பழைய டீசல் எஞ்சின் நீண்ட தொடரை இழுத்துக்கொண்டு வெறும் 90 வேகத்தை எட்டவே திணறும். அதற்கு ஒரு நிறுத்தம் 4 நிமிடத்துக்குக் குறையாது. நிறுத்துவது விலையாக இருந்த காலத்தில் சிறு ஊர்களில் வண்டி நின்றது. நிறுத்துவது மலிவான காலத்தில் கடந்துபோகிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதுவும் நியாயமானது. ஒரே இரண்டு தண்டவாளத்தில் வேக வண்டி, மெது வண்டி, சரக்கு வண்டி மூன்றும் ஓடுகின்றன. நான்கு நிறுத்தம் நிற்கும் உள்ளூர் வண்டி ஏறத்தாழ எட்டரை நிமிடம் பின்தங்கும். பின்னால் வரும் ஈடிஎஸ் அதன் வாலில் வந்து முட்டிக்கொள்ளும். அதனால் உள்ளூர் வண்டி ஈடிஎஸ் போன ஐந்தாவது நிமிடத்தில் கிளம்பவேண்டும், அடுத்த ஈடிஎஸ் நெருங்குமுன் ஒதுங்கு பாதையில் ஏறிவிடவேண்டும். அட்டவணை போடுபவர்களுக்கு இது தெரியாத வித்தையல்ல.

ஈடிஎஸ் வண்டியால் மட்டும் இந்த ஊரின் அன்றாடத் தேவை தீராது. எல்லா ஈடிஎஸும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. இருக்கை முன்பதிவு கட்டாயம், நின்றுகொண்டு போக வழியில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இருக்கை சீக்கிரமே தீர்ந்துவிடும். கோலாலம்பூரில் படிக்கும் பிள்ளைக்கும் பத்துமலைக்குப் போகும் குடும்பத்துக்கும் அது அருமையான வண்டி. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்குக் கிளினிக் நேரம் உள்ளவருக்கும், மாலை ஷிப்ட் முடிந்து எப்போது வெளியே வருவோம் என்று தெரியாத தொழிலாளிக்கும் வேண்டியது முன்பதிவில்லாத கொமுட்டர் வகை வண்டி.

வண்டி நின்றாலும் லயத்திலிருந்து பிளாட்பாரத்துக்கு வர வழி வேண்டும். தோட்டம் 8 கிலோமீட்டர் உள்ளே என்றால் நடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். செம்மண் பாதையில் 30 வேகத்தில் வேன் வர 16 நிமிடம்; வழியில் நான்கு இடத்தில் இரண்டிரண்டு நிமிடம் நிறுத்தினால் 24. அரை மணி முன்னால் கிளம்பும் ஒரு 16 பேர் வேன், காலையில் இரண்டு வண்டிக்கும் மாலையில் இரண்டு வண்டிக்கும் இணைந்தால் ஒரு தோட்டத்துக்குப் போதும். வேன் இல்லாத இடத்தில் ஸ்டேசனருகே கூரையும் விளக்கும் உள்ள மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம், ஹெல்மெட் வைக்கப் பூட்டும் பெட்டி. இரவில் திரும்பும் பெண்பிள்ளைகளுக்கு அந்த விளக்கு அவசியம்.

யாரிடம் என்ன கேட்பது

பொத்தாம் பொதுவாக “எங்கள் ஊரில் ரயில் நிற்கட்டும்” என்று மனு கொடுத்தால் கோப்பில் தூங்கும். பொறுப்புகள் பிரிந்திருக்கின்றன. ரயில் நிலம் ரயில்வே சொத்துக் கழகத்தினுடையது. வண்டி ஓட்டுவதும் அட்டவணையும் கேடிஎம் (மலாயா ரயில்வே) நிறுவனத்தினுடையது. பேருந்து, வேன் உரிமம் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையிடம். மேம்பாலமும் சாலை இணைப்பும் பெரும்பாலும் பொதுப்பணித் துறையோடு சேர்ந்தது. வேலி ஓட்டைக்கும் அடைபட்ட கல்வர்ட்டுக்கும் அருகிலிருக்கும் மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் இடம் தேடும் வேலை மிச்சம்.

நிறுத்தம் கேட்பவர்கள் முதலில் ஒரு வாரம் எண்ணவேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்திலிருந்து எட்டு வரை ஈப்போ பக்கமும் கோலகங்சார் பக்கமும் போகிறவர் எத்தனை பேர், எதில் போகிறார்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்ற நான்கு கேள்வி போதும். பள்ளி விடுமுறை வாரத்திலும் பண்டிகை வாரத்திலும் எண்ணக்கூடாது; எண்ணிக்கை சாயும். மருத்துவமனைக்குப் போகும் முதியவர்களைத் தனியாகக் குறிக்கவேண்டும், ஏனென்றால் அவர்கள் தினமும் போவதில்லை, ஒரு வார எண்ணிக்கையில் விடுபட்டுவிடுவார்கள். கிளினிக் அட்டையைப் பார்த்து மாதக் கணக்காக எழுதலாம். மனுவில் இரண்டு நேரத்தைத் தெளிவாகக் கேட்கவேண்டும்: காலை 7.15க்குள் ஈப்போ சேரும் ஒரு வண்டி, இரவு 7 மணிக்குப் பிறகு ஈப்போவிலிருந்து கிளம்பும் ஒரு வண்டி. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் கிடைத்தால் யாரும் ஏறமாட்டார்கள். திரும்ப வழி தெரியாத வண்டியில் வேலைக்குப் போகிறவர் இல்லை. அப்படிக் காலியாக ஓடிய வண்டியின் எண்ணிக்கையே அடுத்த முறை நிறுத்தத்தை மறுக்கக் காரணமாகக் காட்டப்படும் என்பதால், இரண்டையும் சேர்த்தே கேட்கவேண்டும்.